வில்காயோ ஓணான் வழக்கு

தீர்ப்பு காலை பத்தேகால் மணிக்கு வந்தது.

அர்ஜென்டினாவின் வடமேற்கு மூலையில், நாலாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது வில்காயோ பள்ளத்தாக்கு. மொத்தம் பத்தொன்பது வீடுகள். எல்லோரும் லாமா மேய்ப்பவர்கள். அந்த ஊரின் தண்ணீர் சங்கத்துக்கு எலேனா மமானி செயலாளர். சங்கத்தின் தகரக் கூரைக் கட்டடத்தில், சுவரில் மாட்டியிருந்த திரையின் முன் நின்று அவள் தீர்ப்பை உரக்கப் படித்தாள்.

"வில்காயோவில் காணப்படும் ஓணான், பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் வாழும் ஓணானிலிருந்து வேறுபட்ட தனி இனம் அல்ல. எனவே ஒற்றையிட உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பு இந்த இடத்துக்குப் பொருந்தாது. உப்புநீர் இறைத்து லித்தியம் எடுக்கத் தடை இல்லை. தீர்ப்பு வழங்கியது துலா. துலாவுக்குக் கண் தந்த வல்லுநர், டாக்டர் பியூலா ஜெபராணி, நாகர்கோவில், இந்தியா."

படித்து முடித்ததும் எலேனா திரும்பினாள். பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள்தான் பியூலா ஜெபராணி. ஸ்பானிஷில் டாக்டரம்மாவை டாக்டரா என்பார்கள்.

"டாக்டரா, இது நீங்கதானே?"

"பேரு என்னோடதுதான்."

"போன வாரம் எங்கிட்ட வேற சொன்னீங்க. இந்த ஓணான் உலகத்துல வேற எங்கயும் இல்லன்னு சொன்னீங்க."

"இப்பவும் அதான் சொல்றேன் எலேனா. இந்தத் தீர்ப்ப நான் சொல்லல."

"பின்ன யாரு சொன்னா?"

கட்டடத்தில் பதினாறு பேர் இருந்தார்கள். கோபப்பட்டாலாவது பியூலா தாங்கியிருப்பாள். அவர்கள் ஒவ்வொருவராகத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். உப்புநீர் இறைக்க ஆரம்பித்தால் ஊற்றுகள் வற்றும். மேற்கே இரண்டு பள்ளத்தாக்குகளில் என்ன நடந்தது என்று அவர்கள் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். அங்கே இப்போது வீடுகள் மட்டும் இருந்தன.

எலேனா கடைசி வரை நின்றாள். "மனுசன மிரட்டலாம், வளைக்கலாம், அதனாலதானே இந்த துலா மெஷினக் கொண்டுவந்தாங்க? இப்ப அந்த மெஷினும் வளைஞ்சிடுச்சா?"

"அது வளையாது. அது நான் பாக்குற மாதிரியே பாக்கும். பதினோராயிரம் ஓணான நான் பாத்து, இது இந்த இனம், அது அந்த இனம்னு சொன்னத எல்லாம் அதுக்குக் கத்துக்கொடுத்திருக்கோம். இந்தப் பேரினத்துக்கு அது ஒண்ணுதான் நீதிபதி."

"அப்ப நீங்களே போய் தப்புன்னு சொல்லுங்க."

"என் வாய்ப்பேச்சு செல்லாது. இன்னைக்கு என்னை யாராவது மிரட்டிச் சொல்ல வச்சிருக்கலாம்ல? அதனால, நான் முன்னாடி சொன்னதுதான் செல்லும்னு சட்டம்."

எலேனா தொப்பியை எடுத்துக்கொண்டாள். "நல்ல சட்டம்தான்" என்றாள். கேலியா இல்லையா என்று பியூலாவுக்குப் புரியவில்லை.

அன்று மதியம் பியூலா தனியாகச் சரிவில் ஏறினாள். தவறு தன் பக்கமோ என்ற சந்தேகம் வந்திருந்தது. நீளக் குச்சியின் நுனியில் நூல் சுருக்குப் போட்டு, பாறை மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒன்றைப் பிடித்தாள். விரல் நீளம்தான் இருக்கும். சாம்பல் முதுகு, இரண்டு பக்கமும் கறுப்புத் திட்டுகள். லியோலேமஸ் என்ற இந்தப் பேரினத்தில் முந்நூறுக்கு நெருக்கமான இனங்கள் உண்டு. தென் அமெரிக்காவின் கடற்கரை மணலிலிருந்து பனிமலை வரைக்கும் பரவியவை. இந்தக் குளிரில் முட்டை வைத்தால் பொரியாது. அதனால் இங்கே உள்ளவை குட்டி போடும். பிடித்ததும் சினைதான்.

நடுவுடம்பைச் சுற்றியிருக்கும் செதில்களைப் பூதக்கண்ணாடி வைத்து எண்ணினாள். எண்பத்தொன்று. பக்கத்துப் பள்ளத்தாக்கு ஓணானுக்கு அறுபத்தெட்டுக்கு மேல் போகாது. கழுத்துப் பக்கச் செதில்களைத் தடவினாள். வழவழவென்று இருந்தன. பக்கத்துப் பள்ளத்தாக்கு ஓணானுக்கு ஒவ்வொரு செதிலிலும் நடுவில் ஒரு முகடு ஓடும், விரலில் சொரசொரக்கும். பிறகு மல்லாத்திப் பார்த்தாள். கழிவாய்க்கு முன்னால் மெழுகு கசியும் சின்னத் துளைகள் மூன்று. மற்ற இடங்களில் இந்தத் துளைகள் ஆணுக்குத்தான் இருக்கும். வில்காயோவில் பெண்ணுக்கும் இருந்தன. இந்த ஐந்து வாரத்தில் பிடித்த முப்பத்துமூன்று பெண்ணுக்கும் இருந்தன.

அவளுக்குச் சந்தேகமே இல்லை. கீழே விட்டாள். அது பாறை இடுக்குக்குள் ஓடிவிட்டது.

சங்கத்துக்குத் திரும்பி வந்து தீர்ப்பின் பின்னிணைப்பைத் திறந்தாள். துலா எந்த முடிவைச் சொன்னாலும், தான் கற்ற பாடங்களில் எவற்றை அதிகம் நம்பியது என்று அந்தப் பாடங்களின் வரிசை எண்களைக் கொடுக்க வேண்டும். யாரும் அதைப் படிப்பதில்லை. பியூலா படித்தாள். ஏழாயிரத்து இருநூற்று நாலு. ஏழாயிரத்து இருநூற்று ஒன்பது. ஏழாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு. எல்லாம் ஏழாயிரத்து இருநூறுக்கும் எட்டாயிரத்து அறுநூறுக்கும் நடுவில் இருந்தன.

அவை எந்த மாதங்களில் தான் கற்றுக்கொடுத்தவை என்று அவளுக்குத் தெரியும்.

எட்டு வருடங்களுக்கு முன் அவளுடைய கணவன் டேவிட்சன் வள்ளியூர் பக்கம் ஒரு சாலை விபத்தில் இறந்துபோனான். அடக்கம் முடிந்து இருபத்தாறாவது நாள் அவள் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினாள். வீட்டில் இருக்க முடியவில்லை. 'வேலையில உக்காந்தா மனசு கொஞ்சம் ஒதுங்கும் பிள்ள' என்று வற்புறுத்திக் கூட்டி வந்தவன் இசக்கிராஜன். துலாவை உருவாக்கியது அவன்தான். பாளையங்கோட்டையில் கல்லூரி நாளிலிருந்து நண்பன். அதன் பிறகு நாலு மாதம் தினமும் மதியம் அவன் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. அவள் திரையில் வந்த ஓணான்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எண்ணவில்லை. எது வந்தாலும் 'அதே இனம்' என்ற பொத்தானை அமுக்கினாள். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு முறை.

தெளிந்த பிறகு ஒரு நாள் அவற்றில் சிலவற்றைத் திரும்பப் பார்த்தாள். பயந்துபோனாள். இசக்கியிடம் போய், அந்த நாலு மாதத்தையும் அழித்துவிடு என்று சொன்னாள். அவன் அவள் கண் முன்னாலேயே அழித்தான்.

எலேனாவின் ஊரில் ஒரே ஒரு இடத்தில்தான் அழைப்பு தெளிவாகக் கிடைக்கும். தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில். அங்கே போய் நின்று பியூலா அவனை அழைத்தாள்.

"பாத்தேன் பிள்ள" என்றான் இசக்கி, அவள் எதுவும் சொல்வதற்கு முன்பே. "நானும் இப்பதான் தீர்ப்பப் பாத்தேன்."

"ஏழாயிரத்து இருநூத்து நாலு. அது எந்த மாசத்துப் பாடம் இசக்கி?"

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நீ அழிச்சத நான் பாத்தேன். என் கண்ணு முன்னால அழிச்ச."

"பிரதி ஒண்ணு இருந்துச்சு."

"இருந்துச்சா, வச்சிருந்தியா?"

"வச்சிருந்தேன்."

பியூலா கத்த நினைத்தாள். போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"எதுக்குல வச்சிருந்த?"

"அப்ப ஒரு எண்ணமும் இல்ல. சத்தியமா இல்ல. எதையும் தூரப்போடாத பழக்கம், அவ்வளவுதான். போன வருசம் என்ன ஆச்சுன்னா, துலா ஆறு எடத்துக்கு வரிசையா வேண்டாம்னு சொல்லிட்டு. ஆறும் தனி இனம், ஆறுலயும் கை வைக்கக்கூடாதுன்னு. மேல இருக்கவனுவ என்னைக் கூப்பிட்டு, எல்லாத்துக்கும் வேண்டாம்னு சொல்லுத மெஷின எதுக்கு வச்சிக்கிடணும்னு கேட்டானுவ. ஏழாவதுக்காவது சரின்னு சொன்னாத்தான் துலா நிக்கும், இல்லன்னா மொத்தமா தூக்கிருவானுவ. நான் புதுசா எதையும் பொய்யா எழுதல பிள்ள. நீ சொன்னதத்தான் சேத்தேன்."

"நான் செத்துக் கெடந்தப்போ சொன்னது அது."

"தெரியும்."

"தெரிஞ்சு சேத்த."

"ஆமா."

அவள் மூச்சு வாங்கினாள். அந்த உயரத்தில் கோபப்படக்கூடக் காற்று போதவில்லை.

"நீ சோறு கொண்டு வந்தது?" என்று கேட்டாள். கேட்டபிறகுதான் இப்படி ஒரு கேள்வி தனக்குள் இருந்தது அவளுக்கே தெரிந்தது.

"அது வேற, இது வேற. அதையும் இதையும் சேக்காத."

"நான் சாட்சி சொல்லப் போறேன் இசக்கி. என் கண்ணுல பழுது இருக்குன்னு நேர்ல போய்ச் சொல்லப் போறேன். ஓணானப் பத்தி என் பேச்சு செல்லாது, என் கண்ணப் பத்திச் செல்லும். சட்டத்துல அதுக்கு எடம் இருக்கு."

அவன் குரல் மாறியது. "வேண்டாம். நான் சொல்லுதத கேளு. கண்ணு தந்தவங்களே பழுதுன்னு சொன்னா துலா சொன்ன எல்லாத் தீர்ப்பும் விழுந்திரும். வில்காயோ மட்டும் இல்ல, அந்த ஆறும் விழும். ஆறு ஊரு பிள்ள. உன் பேரும் போயிரும். பதினஞ்சு வருசம் பாடுபட்டது மொத்தமும் போயிரும். செஞ்சிராத. உன் கால்ல விழுதேன், செஞ்சிராத."

அவன் அழுதான். இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் அவன் அழுது அவள் கேட்டதில்லை. டேவிட்சன் அடக்கத்தன்றுகூட அவன் அழவில்லை, ஓடி ஓடி நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான்.

அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

மூன்று நாள் யோசித்தாள். ஆறு இடங்களின் தீர்ப்பும் சுத்தமான பாடங்களை வைத்து வந்தவை. அந்த ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு சேர்வதற்கு முன்பே வந்தவை. அவற்றின் பெயர்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். தோலாபம்பாவில் இருப்பதற்குத் தொண்டையில் ஆரஞ்சுப் புள்ளிகள். இன்னொரு இடத்தில் இருப்பதற்குத் தொடையின் பின்பக்கம் பெரிய செதில்கள் திட்டாக இருக்கும். எல்லாம் உண்மையாகவே தனி இனங்கள். யார் திரும்ப எண்ணினாலும் அதே கணக்குத்தான் வரும். தீர்ப்பு விழுந்தாலும் மறு ஆய்வில் எழுந்துவிடும். இப்படித்தான் அவள் முடிவுக்கு வந்தாள்.

விசாரணைக்கு மாகாணத் தலைநகருக்கு எலேனாதான் தன் பழைய பிக்கப் வண்டியில் அழைத்துப்போனாள். ஒன்பது மணி நேரப் பயணம். வழியில் அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"இதனால உங்களுக்கு என்ன ஆகும் டாக்டரா?"

"இதுக்கப்புறம் நான் எந்த ஓணானப் பத்தி எழுதினாலும் செல்லாது. தொட்டு எண்ணினாலும் செல்லாது."

"வேற வேல தெரியுமா?"

"தெரியாது."

எலேனா தலையசைத்தாள்.

உயிரினத் தீர்ப்பாயத்தின் அறை சின்னதாக இருந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த தலைவர் நரைத்த தலைமுடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண்மணி. பரிவாகவே பேசினார்.

"டாக்டர் பியூலா, துலா கற்ற பாடங்கள்ல எந்தப் பகுதி நம்பத்தகாததுன்னு சொல்றீங்க?"

பியூலா எண்களைச் சொன்னாள்.

"அந்தக் காலத்துல உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருந்தது. என் புருசன் இறந்துபோயிருந்தார். நான் ஒரு ஓணானையும் பாக்கல. பொத்தான அமுக்கிட்டு இருந்தேன்."

"ஆயிரத்து நானூறு தடவை?"

"ஆயிரத்து நானூத்துப் பன்னிரண்டு."

"நீங்க ஒரு வல்லுநர். பாக்காம முடிவு சொன்னீங்கன்னு பதிவு பண்ணலாமா?"

"பதிவு பண்ணுங்க."

இசக்கியின் பெயரையும் அவள் சொன்னாள். அழித்தது, பிரதி வைத்திருந்தது, சேர்த்தது எல்லாவற்றையும் சொன்னாள். தலைவர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு உத்தரவைப் படித்தார். துலா இந்தப் பேரினத்தின் மேல் வழங்கிய ஏழு தீர்ப்புகளும் ரத்து. டாக்டர் பியூலா ஜெபராணி இனி வல்லுநர் அல்ல. மறு ஆய்வு முடியும் வரை ஏழு இடங்களிலும் ஒரு குழாய்கூட இறங்கக்கூடாது.

"மறு ஆய்வு நேர்மையா நடக்குமா?" என்று பியூலா கேட்டாள்.

"நிச்சயமா நடக்கும்" என்றார் தலைவர்.

அதை யார் செய்வார்கள் என்று அவள் கேட்கவில்லை. பின்னாளில் அவள் தன்னை மன்னிக்க முடியாமல் போனது இந்த ஒன்றுக்காகத்தான்.

வில்காயோவில் அவளுக்கு விருந்து வைத்தார்கள். லாமாக் கறி, உருளைக்கிழங்கு, சோளத்தில் வடித்த பானம். பத்தொன்பது வீட்டாரும் வந்தார்கள். அவள் ஊருக்குப் போகவில்லை. நாகர்கோவிலில் ஆய்வுக்கூடத்தின் கதவு அவள் கைரேகைக்கு இனி திறக்காது என்று தகவல் வந்திருந்தது. எலேனா வீட்டின் பின்னறையில் தங்கி, லாமாக்களுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

மறு ஆய்வுக்குக் குறைந்தது ஒரு வருடம் ஆகும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். ஒன்பதாவது நாள் முடிவு வந்துவிட்டது.

எலேனா திரையிலிருந்து கண் எடுக்காமல் அவளைக் கத்திக் கூப்பிட்டாள். "டாக்டரா! ஓடி வாங்க! தனி இனம்னு சொல்லிட்டாங்க! வில்காயோ ஓணான் தனி இனம்!"

வெளியே யாரோ வண்டி ஹாரனை விடாமல் அடித்தார்கள். பியூலாவும் சிரித்தாள். எலேனாவைக் கட்டிக்கொண்டாள். அதன் பிறகுதான் மீதியைப் படித்தாள்.

வில்காயோ தனி இனம். மற்ற ஆறும் தனி இனங்கள் அல்ல. ஆறு இடங்களிலும் இறைப்புக்குத் தடை இல்லை. மேல்முறையீட்டுக்கு நாற்பத்தொரு நாள். தீர்ப்பு வழங்கியது புதிய துலா. நாற்பது வல்லுநர்களின் கண் சேர்த்துக் கற்றது. அதற்குக் கீழே, புதிய துலா தகுதிச் சான்று பெற்ற தேதி போட்டிருந்தது. பியூலா அதை இரண்டு முறை படித்தாள். அவள் சாட்சி சொன்ன நாளுக்கு இருபத்தெட்டு நாள் முந்தைய தேதி. வில்காயோ தீர்ப்பே அப்போது வந்திருக்கவில்லை. முதன்மை வடிவமைப்பாளர் என்ற இடத்தில் இசக்கிராஜன் பெயர் இருந்தது.

அவள் தண்ணீர்த் தொட்டிக்கு நடந்தாள். அவன் முதல் மணியிலேயே எடுத்தான்.

"புதுசு எப்பவோ தயாரா இருந்திருக்கு" என்றாள்.

"ஆமா."

"பின்ன எதுக்கு என்னைச் சாட்சி சொல்ல விட்ட?"

"பழச எடுக்க வேற வழி இல்ல பிள்ள. கண்ணு தந்தவ உயிரோட இருக்குத வரைக்கும், அவளே வேண்டாம்னு சொன்னாத்தான் எடுக்க முடியும். சட்டம் அப்படி. நேரா வந்து கேட்டிருந்தா நீ சொல்லியிருப்பியா?"

அவளுக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது. "அந்த நாலு மாசத்த வேணும்னே சேத்த. பின்னிணைப்பு எண்ண நான் படிப்பேன்னு உனக்குத் தெரியும்."

"உலகத்துல நீ ஒருத்திதான் அதப் படிப்ப."

"அழுதியே?"

"செஞ்சிராதன்னு சொன்னா நீ கண்டிப்பா செய்வ. காலேஜ்லயே அப்படித்தானே." அவன் குரலில் வெற்றி எதுவும் இல்லை. களைப்புத்தான் இருந்தது. "நான் சொன்னது பூரா பொய்யில்ல. ஒருத்தி கண்ண மட்டும் நம்பி ஒரு சட்டத்த நடத்த முடியாது. நீ பாக்காம அமுக்கின நாலு மாசத்த நீயே சொன்னியே, அதான் அத்தாட்சி. இப்ப நாப்பது பேரு கண்ணு இருக்கு. அவங்க உன்ன மாதிரி ஒவ்வொரு செதிலுக்கும் ஒரு இனம் பிரிக்க மாட்டாங்க. ஊரு உலகத்துக்கு லித்தியம் வேணும் பிள்ள. பஸ்ஸு ஓடணும், ஆஸ்பத்திரில வெளக்கு எரியணும்."

"ஆறு ஊரு இசக்கி."

"வில்காயோவ விட்டுட்டேன்லா. அது உனக்காகத்தான். நாப்பது பேர்ல முப்பத்தொரு பேரு அதையும் தனி இனம் இல்லன்னுதான் சொன்னாங்க. நான்தான் பாத்துச் செஞ்சேன்."

அவன் அதைப் பரிசு கொடுப்பவனைப் போலச் சொன்னான். அவள் நன்றி சொல்வாள் என்று காத்திருப்பதைப் போலக் கொஞ்சம் இடைவெளியும் விட்டான்.

பியூலா போனை அணைத்துவிட்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். நெடுநேரம் கழித்து எலேனா தேடிக்கொண்டு வந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தன்னை வைத்துத்தான் ஆறு ஊர்களின் பூட்டு திறக்கப்பட்டது, வில்காயோ தப்பித்ததும் உண்மைக்காக அல்ல, தன்னைச் சமாதானப்படுத்துவதற்காக என்று சொன்னாள்.

எலேனா முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"எங்க ஓணான் தனி இனம்தானே? அது பொய்யில்லையே?"

"பொய்யில்ல."

"அந்த ஆறும்?"

"அதுவும் பொய்யில்ல."

எலேனா தன் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள். துடைக்க ஒன்றுமில்லை. "இதெல்லாம் எங்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம் நீங்க" என்றாள். எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை பிக்கப் வண்டி வாசலில் உறுமியது. "ஏறுங்க" என்றாள் எலேனா. "முதல்ல எந்த ஊரு?"

தோலாபம்பாவுக்கு ஐந்து மணி நேரம். போகும் வழியில் பியூலா சட்டத்தை விளக்கினாள். மேல்முறையீடு செய்ய ஒரு வழி இருக்கிறது. நேரில் பார்த்து எண்ணிய சாட்சி வேண்டும். அறுபது ஓணானின் கணக்காவது வேண்டும். பட்டம் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் வல்லுநர் தகுதி இழந்தவள் கை அதில் படக்கூடாது.

"சட்டம் எழுதினவங்க பட்டத்த மறந்துட்டாங்களா?" என்று கேட்டாள் எலேனா.

"சாதாரண ஆள் யாரும் உக்காந்து செதில் எண்ண மாட்டாங்கன்னு நெனச்சிருப்பாங்க."

தோலாபம்பாவில் தண்ணீர் சங்கத்தின் பொறுப்பு ரொசாரியோ என்ற பெண்ணிடம் இருந்தது. முப்பது வயது இருக்கும். கதவைத் திறந்தவள் கையில் கம்பளி நூல் கண்டு. பியூலா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. தன் பெயரையும் மறைக்கவில்லை.

ரொசாரியோ நூல் கண்டைச் சுற்றிக்கொண்டே கேட்டாள். பிறகு எலேனாவைப் பார்த்தாள்.

"உங்க ஊரு தப்பிச்சிடுச்சா?"

"தப்பிச்சிடுச்சு" என்றாள் எலேனா.

"சந்தோசம்."

கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்டது.

இரண்டு பேரும் வண்டியில் போய் உட்கார்ந்தார்கள். காற்று உப்பையும் மண்ணையும் கண்ணாடியில் அடித்தது. திரும்பிப் போய்விடலாமா என்று பியூலா கேட்டாள். எலேனா பின்னாலிருந்த சுருக்குக் குச்சியை எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு எதிரே இருந்த பாறைச் சரிவில் ஏறினாள். நாலு தடவை தவறவிட்டாள். ஐந்தாவது தடவை மாட்டியது. வண்டியின் முன்மூடியில் துணியை விரித்து அதன் மேல் வைத்துப் பிடித்தாள். தொண்டையில் ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்தன.

"எங்கேயிருந்து ஆரம்பிக்கணும்?"

"முன்காலுக்கும் பின்காலுக்கும் சரிபாதியில. முதுகு நடுவுல ஒரு செதில அடையாளம் வச்சிக்கங்க. அங்கேயிருந்து வயித்தச் சுத்தி அதே எடத்துக்கு வரணும்."

எலேனா பூதக்கண்ணாடியைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு ஊசி நுனியால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். இருபத்தேழில் ஓணான் உதறியது. கணக்கு போய்விட்டது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். நாற்பத்தைந்தில் திரும்பவும் போய்விட்டது. அவள் வில்காயோ வழக்கப்படி ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். பியூலா கை தன்னையறியாமல் முன்னே நீண்டது. இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மூன்றாவது தடவை எலேனா எண்ணிக்கொண்டிருந்தபோது தாழ் திறக்கும் சத்தம் கேட்டது. ரொசாரியோ வந்து வண்டிக்கு அந்தப் பக்கம் நின்றாள். பியூலாவை அவள் பார்க்கவே இல்லை. எலேனாவின் விரல்களைத்தான் பார்த்தாள்.

"இறுக்கிப் பிடிக்கிறீங்க. அதான் உதறுது" என்றாள். "நெஞ்சுக்குக் கீழ விரல வைங்க. இங்க கொடுங்க."

எலேனா கொடுத்தாள். ரொசாரியோ அதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து, வெளிச்சத்துக்குத் திரும்பி நின்று, சத்தமாக ஒன்று என்று ஆரம்பித்தாள். எலேனா நோட்டைத் திறந்தாள். பியூலா நாலடி தள்ளிப் போய், கைகளைக் கட்டியபடியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.